முப்பத்து நாலு அங்குலம்

குலசேகரம் சந்தை முக்கு,
டென்னிசன் ரப்பர் டிரேடர்ஸ்.
அகலத்திரை வந்திறங்கிய அன்று
சுமைக்காரப் பையன் கேட்டான்:
"அக்கா, இது என்ன, கதவா?"
அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது
மொத்த எடை பத்து கிலோ.
விளையாட்டுக்கு ஷீட் நிறுக்கும் தராசில் வைத்தோம்.
ஒன்பதே முக்கால்.
"பாத்தியா, கம்பெனிக்காரன்
கால் கிலோ அடிச்சிற்றான்"
என்றார் முதலாளி.

மாடியில் என் மேசை.
அதன்மேல் கம்ப்யூட்டர்,
மீன்குழம்பு கொண்டுவரும் என் டிபன் பாக்ஸைவிடச் சின்னது.
பக்கத்தில் திரையை நிறுத்தினேன்.
டெம்போவை இழுக்க வந்த ஆட்டுக்குட்டி
மாதிரி இருந்தது அது.

பழைய ஒயரைச் செருகினேன்.
வெளிச்சம் வந்தது, கூடவே வீக்கம்.
வட்டமெல்லாம் முட்டை.
முதலாளி மகளின் முதல் நன்மைப் படத்தில்
பிள்ளைக்கு இரண்டு தாடை.

அமைப்புக்குள் போய்க் கெஞ்சினால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது,
அதற்குமேல் ஒரு புள்ளி கூடத் தரமாட்டேன் என்கிறது.
வீக்கத்தை வடித்தால்
இரண்டு ஓரமும் கறுப்பு.
காசு கொடுத்து வாங்கின வீட்டில்
கால் பங்கை
இருட்டுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி.
டிரைவரைப் புதுப்பித்தபின்
மூவாயிரத்து நானூற்று நாற்பது கிடைத்தது.
ஆனால் அம்பு நடந்தது
நனைந்த சேலையோடு நடப்பதுபோல.
நொடிக்கு முப்பது தடவைதான் விழிக்கிறதாம்.

மூன்றாம் நாள்
மார்த்தாண்டம் கடைக்குப் போன் போட்டேன்.
சஜின் சொன்னான்:
"பெட்டிக்க பின்னால
ஒரு மூலை மட்டும் சரிஞ்ச வாய் ஒண்ணு
இருக்கும் பாருங்க அக்கா."
இல்லை என்றேன்.
"நல்லாப் பாருங்க."
இருந்தது.
ஒரு சின்ன ரப்பர் மூடிக்குள்.
ரப்பர் கடையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு
ரப்பரைப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

ஒயர் அறுநூற்றைம்பது.
மழையில் இரண்டு பஸ்.
டக்.

ஏப்ரலிலிருந்து மார்ச் வரை
ஒரே வரியில் நின்றது வருஷம்.
இத்தனை நாளும்
பெயரைப் பிடித்து நிறுத்தினால் மாதம் ஓடிவிடும்,
மாதத்தைப் பிடித்தால் பெயர் ஓடிவிடும்.
இப்போது பேச்சிப்பாறை, அருமனை, திற்பரப்பு,
நூற்றுப்பன்னிரண்டு வீட்டு ஷீட்டும்
தலையைத் திருப்பினால் தெரிகிறது.
ஜூனில் எல்லார் வரியும் மெலிகிறது, மழை.
பிப்ரவரியில் எல்லார் வரியும் மெலிகிறது, இலையுதிர்வு.
குளோரிபாய் வரி மட்டும்
நாற்பது, நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு என்று வந்து
நவம்பரில் வெள்ளை.
டிசம்பர் வெள்ளை.
அதற்கப்புறமும்.

ஒவ்வொரு மாதமும் தனியாகப் பார்த்தபோது
மழை என்று நினைத்திருந்தேன்.

செத்துப்போனாளா, மரத்தை வெட்டிவிட்டாளா,
பதறிக்கொண்டு நம்பரைத் தேடினேன்.
மூன்றாவது மணியில் எடுத்தாள்,
பின்னால் கோழிச் சத்தம்.
"எனக்கு ஒண்ணும் இல்ல மோளே.
ஷீட்டு இப்பம் அருமனைக்குப் போவுது.
உங்களுக்க தராசு
நூறுக்கு ரெண்டரை தின்னுது, கேட்டியா?"
கோபமே இல்லை குரலில்.
பிள்ளைகள் சுகமா என்று விசாரித்துவிட்டு வைத்தாள்.

கீழே யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்தார் முதலாளி.
கொக்கி கிறீச்சிடுவது மாடிவரை கேட்டது.
திரையைக் கொஞ்சம் கீழே உருட்டினேன்.
ஜனவரியிலிருந்து வெள்ளை, ஒரு வரி.
இன்னொன்று.
மூன்றாவது என் சித்தி.

மூலையில் இன்னும் கிடந்தது
திரை வந்த அட்டைப்பெட்டி,
அச்சுப் பக்கம் என்னைப் பார்த்தபடி.